ஆர்டர் நிக்குது

ஜூலை 21, திங்கள்

தொழிற்சங்கக் கொட்டகை வாசலில் இருக்கும் துளசித் தொட்டியில் இன்று ஜல்லிக்கல் இருந்தது. துளசி பட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. தொட்டியில் பீடித் துண்டுகள்தான் கிடக்கும். காலையில் நான் கூட்டப் போனபோது கல் விளிம்புவரை குவிந்திருந்தது. எல்லாம் ஒரே அளவு. கைக்குள் அடங்கும் அளவு. தொட்டியைச் சுற்றிக் கூட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

கொட்டகையைக் கூட்டுவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, டீ ஊற்றித் தருவது, இதுதான் என் வேலை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றபோது அம்மா என்னைக் கம்பெனி கேன்டீனுக்குக் காய் நறுக்கக் கூட்டிப்போனாள். அங்கே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குக் கத்தி நழுவும். இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டேன். சங்கச் செயலாளர் தண்டபாணி மாமா பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைய எங்க கொட்டாய்க்கு அனுப்புங்க. அங்க என்னையத் தவுர பேசறதுக்கு ஆளே இல்ல, நானும் பேச மாட்டேன், சிரிப்பேன்" என்றார். மாமா என்று கூப்பிடுவதுதான், சொந்தம் இல்லை.

இந்த ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான். போர் விமானத்துக்கு இறக்கை செய்கிற கம்பெனி. என் அண்ணன் திருமூர்த்தி அங்கே கான்ட்ராக்டில் இறக்கைத் தகடுகளுக்கு ரிவிட் அடிக்கிறான். இந்த விமானத்தை இனிமேலும் செய்ய வேண்டுமா, விலை தாங்குமா என்று டெல்லியில் சண்டை நடக்கிறது. வேண்டாம் என்று முடிவானால் முதலில் வெளியே போவது கான்ட்ராக்ட் ஆட்கள். இறக்கை செய்கிற வரிசைக்கு லைன் என்று பெயர். "லைன் ஓடுமா, நிக்குமா?" டீக்கடை, ரேஷன் கடை, பஸ், எங்கே போனாலும் இதே கேள்விதான்.

ஜூலை 24, வியாழன்

கேன்டீனில் ஆள் குறைவு என்று அம்மா இன்று என்னையும் கூட்டிப்போனாள். டிவியில் பாராளுமன்றம் ஓடியது. ஒரு விமானம் வாங்கும் காசில் ஒரு மாவட்டத்துக்கே ஆஸ்பத்திரி கட்டலாம் என்றார் ஒருவர். எதிரி வந்தால் ஆஸ்பத்திரியைத் தூக்கியா எறிவீர்கள் என்றார் இன்னொருவர். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள்.

அண்ணனோடு வேலை செய்கிற சின்னு சொன்னான். "கட்டட்டும், கட்டட்டும். ரிவிட் அடிக்கறவனுக்கு ஆஸ்பத்திரில என்ன வேலை குடுப்பாங்க? பெட்டுல படுக்கற வேலையா?"

அம்மா சாம்பார் வாளியோடு வந்தாள். "வேலை போச்சுன்னா எல்லாரும் அங்கதாண்டா படுக்கோணும். மொதல்ல தட்ட நீட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மேசையில் பர்மனெண்ட் ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒருவர், "உங்களுக்கென்னப்பா, இன்னைக்கு இறக்கை, நாளைக்கு செங்கச் சூளை. எங்கியோ ஒட்டிக்குவீங்க. நாங்க அப்படியா?" என்றார்.

சின்னு சாம்பார் வாளியைப் பிடுங்கி அவர் முகத்தில் வீசினான். நான் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் அவர் அலறியது கேட்டது. அம்மா மோர்ப் பானையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள். மோர் வழிந்து முகம் தெரிந்தபோது ஒரு கன்னம் உரித்த தக்காளி போல இருந்தது.

வீட்டில் சோறு போடும்போது அண்ணனிடம் கேட்டேன். அண்ணனிடம் மட்டும் எனக்குப் பேச வரும்.

"இறக்கைல என்னண்ணா மாட்டுவாங்க?"

"குண்டு. அதுக்குத்தான் கீழ கொக்கி வெக்கறோம்."

"யார் மேல போட?"

"யார் மேலயோ. நம்ம மேல இல்லீல்ல? ரசத்த ஊத்து நாயகி."

என் பெயர் ரங்கநாயகி. வாயே திறக்காதவளுக்கு நாயகி என்று பெயர் என்பது அவனுக்கு எப்போதும் ஒரு கேலி.

ஜூலை 27, ஞாயிறு

மாரியம்மன் திருவிழா வருகிறது, நோம்பி சாட்டிவிட்டார்கள். அம்மா கோயிலில் இருந்து மஞ்சள் கயிறு கொண்டுவந்தாள். அண்ணனுக்கு நான்தான் காப்புக் கட்டினேன். அவன் மணிக்கட்டு பெரிது, கயிறு எட்டவில்லை. என் தையல் டப்பாவில் இருந்து பச்சை நூலை எடுத்து முறுக்கி ஒட்டுப்போட்டேன்.

"காப்புக் கட்டுனவிய நோம்பி முடியற மட்டும் எழவு ஊட்டுக்குப் போகக் கூடாது, யாரையும் கை நீட்டக் கூடாது" என்றாள் அம்மா.

"இவளையுமா?" என்று அண்ணன் என் தலையில் குட்டினான்.

சாயங்காலம் அவன் சட்டையைத் தெருக்குழாயில் அலசிவிட்டு ஈரத்தோடு வந்தான். பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பையன்கள் சிலர் "விமானம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டும்" என்று அட்டை பிடித்து நின்றார்களாம். கம்பெனி ஆட்கள் அடித்து விரட்டினார்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அதில் ஒரு பையனுக்குக் கண் போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்களாம். அண்ணன் உடம்பில் எங்கும் காயம் இல்லை. சோறு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

சட்டையை மறுபடி துவைத்தேன். பையில் ஒரு சில்லு இருந்தது. மூக்குக்கண்ணாடியின் சில்லு. எங்கள் வீட்டில் யாரும் கண்ணாடி போடுவதில்லை. சாக்கடையில் போட்டேன்.

ஜூலை 30, புதன்

தொட்டியில் கல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டெல்லியில் முடிவு தெரியும்வரை வேலை கிடையாது என்று சொல்லிக் கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டது. கேட்டை உலுக்கியவர்களைப் போலீஸ் அடித்தது. கேன்டீன் அடுப்பில் பால் இருக்கிறது, அணைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சின அம்மாவுக்கும் தோளில் ஒரு அடி. கையைத் தூக்க முடியவில்லை. தலை நான்தான் வாரிவிட்டேன்.

கான்ட்ராக்ட் ஆட்களைக் கழற்றிவிடச் சங்கம் ஒத்துக்கொண்டது என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. இன்று கொட்டகைக்கு வந்து சின்னு நேராகவே கேட்டான். "எங்க தலைய எத்தனைக்கு வித்தீங்க?"

தண்டபாணி மாமா சிரித்தார். "உன்ற தலைய யாருடா காசு குடுத்து வாங்குவா? உள்ள ஒண்ணுமில்லைனு கட்டுனவளே சொல்றா."

மற்ற நாளாக இருந்தால் சின்னுவும் சிரித்திருப்பான். இன்று துப்பிவிட்டுப் போனான். அவன் போனபிறகும் மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். டீ கிளாஸை எடுத்தபோது டீ வேட்டியில் கொட்டியது. அவருக்குப் பயம் வந்தாலும் சிரிப்புதான் வரும். அதைக் கொட்டகைக்குள் இருந்து பார்க்கிற எனக்குத் தெரியும். வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று தண்டபாணி மாமாவைக் கொன்றுவிட்டார்கள். பாத்திரம் கழுவினேன். துணி ஊறவைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன்.

நேற்று மதியம் விமான ஆர்டர் பற்றி முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். டிவியில் வருவதற்கு முன்னாலேயே டெல்லியில் இருந்து எம்.பி.யின் உதவியாளர் மாமாவுக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. கொட்டகைக்கு வெளியே ரோடு தெரியாத அளவு கூட்டம். உள்ளே மாமாவும் நானும்தான். வெயிலில் தகரம் காய்ந்து, பானைத் தண்ணீர்கூடச் சுட்டது.

போன் வந்தது. வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் தமிழ் தெரியாத ஆள். "எஸ் சார். ஆர்டர் சார். வாட் சார்? ஸ்டாண்ட்ஸ்? ஆர்டர் ஸ்டாண்ட்ஸ்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "ஸ்டாண்ட்ஸாமா அம்மிணி" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை அது ஒன்றுதான். பள்ளியில் டீச்சர் தினமும் எனக்குச் சொன்னது. ஸ்டாண்ட் அப். நான் எழுந்து நிற்பேன். பதில் வராது. மணி அடிக்கிறவரை நின்றுகொண்டே இருப்பேன். அதனால் டெல்லியில் ஆர்டர் விழவில்லை, நிற்கிறது என்று எனக்கும் புரிந்தது. மாமாவைப் பார்த்து நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் டீ கிளாஸைக்கூட வைக்காமல் வாசலுக்குப் போனார். கோஷம் அடங்கியது.

"ஆர்டர் நிக்குதுப்பா."

முன்னால் இருந்த ஒருவர், "நிக்குதா?" என்றார், காது கேட்காதவர் போல.

"நிக்குது, நிக்குது. போய் நோம்பியக் கும்பிடுங்க" என்றார் மாமா. வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஒரு மாதமாக அவர்கள் வாயில் இருந்தது ஓடுமா, நிக்குமா என்பதுதான். நின்றால் முடிந்தது. மாமா காதில் மட்டும் டெல்லி ஆள் சொன்ன சொல் இருந்தது. மழை நின்றது என்றால் மழை இல்லை. கோபுரம் நிற்கிறது என்றால் கோபுரம் இருக்கிறது. இது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் பானைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நம்ம வவுத்துல அடிச்சுப்போட்டுச் சிரிக்கறான் பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

முதல் கல் கிளாஸில் பட்டது. கையில் கண்ணாடி குத்தி ரத்தம் வந்தது. அப்போதும் மாமா முகத்தில் சிரிப்பு போகவில்லை. அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். "டேய், கேளுங்கடா, நிக்குதுன்னா" என்று ஆரம்பித்தார். அடுத்த கல் வாயில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் வார்த்தையாக வரவில்லை.

சங்கத்தின் கொடிக்கம்பத்தைப் பிடுங்கினார்கள். அது இரும்புக் குழாய். கொடி அதிலேயே சுற்றியிருந்தது. மாமா வாசற்படியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். முதல் அடியில் கை விலகியது. அடுத்த அடி தேங்காய் உடைகிற சத்தம். அதற்குப் பிறகு அந்தச் சத்தம்கூட இல்லை, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி மட்டும். குழாய் பிடித்திருந்த கையில் மஞ்சள் கயிறு இருந்தது. ஊரில் பாதிப் பேர் கையில் மஞ்சள் கயிறு இருக்கிறது.

பின்பக்கத் தகரத்தை நெம்பி வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை.

அண்ணன் சாயங்காலம் வந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். அரிவாள்மணையை எடுத்து அவன் கையில் இருந்த காப்பை அறுத்து அடுப்பில் போட்டாள். நோம்பி முடிவதற்குள் காப்பை அறுக்கக் கூடாது என்று சொல்வது அம்மாதான்.

ஆகஸ்ட் 6, புதன்

திங்கட்கிழமை வர வேண்டிய அறிவிப்பை இன்றுதான் டிவியில் சொன்னார்கள். விமானம் தொடர்ந்து செய்யப்படும். ஆர்டரில் எதுவும் குறையவில்லை. கம்பெனி கேட்டில் பட்டாசு வெடித்தார்கள். கொட்டகை வாசலில் மணல் கொட்டியிருந்த இடத்தை மிதித்துக்கொண்டு ஆடினார்கள்.

அண்ணன் டிவியை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தான்.

சின்னு வந்தான். திண்பண்டப் பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டிவிட்டு அண்ணனிடம் சொன்னான். "வெசனப்படாத மாப்ள. அவன் பொய்தான சொன்னான்? லைன் நின்னுபோச்சுன்னு சொல்லி நம்மளக் கலைச்சு உட்டுட்டு, அவனுக்கு வேண்டப்பட்டவனை உள்ள கொண்டாரப் பாத்திருக்கறான். பொய் சொன்ன வாயி."

"ஆமா" என்றான் அண்ணன். டிவியைப் பார்த்தபடி, "பொய் சொன்னான்" என்றான்.

ஆகஸ்ட் 9, சனி

தண்டபாணி மாமா உடலைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்தார்கள். எங்கள் தெரு வழியாக வண்டியை விடவில்லை. வண்டியின் மேல் செருப்பு எறிந்தார்கள். ஓட்டியவர் தலை உடைந்தது. சுடுகாட்டுக்கு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பறை அடிக்கக்கூட ஆள் வரவில்லையாம்.

அவர் வீட்டுச் சுவரில் தாரால் பொய்யன் என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீருக்குப் போகும்போது பார்த்தேன். அவர் சம்சாரம் சுலோசனா அத்தை மண்ணெண்ணெயும் துணியும் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தார் போகவில்லை, பரவியது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலில் இருந்து இறங்கி வந்தார்.

"அம்மிணி, அன்னிக்கு டீ ஊத்துனது நீதான?"

நான் குடத்தைப் பார்த்தேன்.

"அவரு பொய் சொல்ல மாட்டாரு கண்ணு. எங்கிட்டச் சீட்டாட்டத்துல கூட ஏமாத்தத் தெரியாது. போன்ல என்ன வந்துது, என்னன்னு சொன்னாரு? அதையாவது சொல்லு. அடிச்சது யாருன்னு நான் கேக்கல. அது எனக்கு வேண்டாம். என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லு."

வாய் திறந்தேன். வரவில்லை. குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அம்மா போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மாமா சாவு பற்றி விசாரணை வைக்கிறார்கள். கோட்டாட்சியர் வருகிறார், எல்லோரும் ஆர்.டி.ஓ. அம்மா என்கிறார்கள். வரும் புதன்கிழமை, ஸ்கூலில்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "நீ அன்னிக்கு ஊட்டுல இருந்தே" என்றாள். "எனக்குத் தோள்ல அடி. நீதான் தலை சீவி உட்டே."

"அது வெள்ளிக்கெழமைம்மா."

"திங்கக்கெழமையுந்தான்."

அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னேன். "அண்ணா, அவரு பொய் சொல்லல. ஆர்டர் இருக்குதுன்னுதான் சொன்னாரு. நிக்குதுன்னா..."

அவன் அறைந்தான். காதுக்குள் ஊசி இறங்கியது போல இருந்தது. இதுவரை அவன் என்னை அடித்ததில்லை, குட்டியிருக்கிறான். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்தான். அவன் முகம் எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அழுதுகொண்டிருந்தான்.

"அவன் பொய்தான் சொன்னான். சொல்லு. பொய் சொன்னான்னு சொல்லு நாயகி."

அம்மா கீரைக் கட்டோடு வந்து அவன் முதுகில் அடித்தாள். கீரை தெருவெல்லாம் சிதறியது. கழுத்தில் இருந்து கையை எடுத்தான். நான் கீரையைப் பொறுக்கி அலசிக் கொடுத்தேன். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அண்ணன் எனக்கென்று ஒன்று கொண்டுவந்து என் தையல் டப்பா மேல் வைத்துவிட்டுப் போனான்.

குழாய் பிடித்த கையில் இருந்த அந்தக் கயிற்றில் பச்சை நூல் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

லைன் ஓடுகிறது. அண்ணன் வேலைக்குப் போகிறான். ரிவிட் அடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது என்றேன். கேட்காது என்றாள் அம்மா.

மதியம் மேலே விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அலமாரியில் தட்டெல்லாம் ஆடியது. முன்பெல்லாம் வெளியே ஓடிப்போய்ப் பார்ப்பேன். இன்று ஒரு தட்டு விழாமல் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

விசாரணை நடந்தது நான் படித்த ஒன்பதாம் வகுப்பு அறையில். பெஞ்சுகள்கூட அதேதான். அம்மா என்னை வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் நினைத்தாள். விட்டால் நான் எங்கே போவேனோ என்று பயந்து கூட்டிப்போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். முன் பெஞ்சில் சுலோசனா அத்தை மட்டும். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கதவோரம் கம்பெனி ஆட்கள். அண்ணனும் இருந்தான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

"லைன் நின்னுபோச்சுன்னு சொல்லிச் சிரிச்சானுங்கம்மா."

"யார் அடிச்சாங்க?"

"கூட்டமுங்க. தெரீலீங்க."

சின்னுவும் அதைத்தான் சொன்னான். கூடவே, "வேணும்னே பொய் சொன்னானுங்க. கலவரம் ஆகோணும்னே சொன்னானுங்க" என்றான். சுலோசனா அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு மட்டும் சுருங்கியது, கல் பட்ட மாதிரி.

ஆர்.டி.ஓ. அம்மா பேனாவை மூடினார். "வெளிய நின்னவங்க சொன்னது வந்தாச்சு. அவர் போன் பேசினப்போ கொட்டகைக்கு உள்ள யாராவது இருந்தீங்களா?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்கு ஒரு காதில்தான் கேட்டது. அம்மாவின் பிடி இறுகியது. நகம் பதிந்தது. கதவோரத்தில் இருந்து அண்ணன் என்னையே பார்த்தான்.

"யாராவது இருந்தீங்களா?" என்று ஆர்.டி.ஓ. அம்மா இரண்டாம் முறை கேட்டார்.

நான் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எழுந்து நின்றேன்.